பாத்திரம் படைப்போன் கடன்

நாடகத்தில் வரும் ஒரு பாத்திரம், திரை விழுந்த பின்னரும் நம் உள்ளத்தை விட்டகலாது நிற்பது எதனால்? உடையாலன்று, உரத்த வசனத்தாலுமன்று. அப்பாத்திரம் ஒன்றை விரும்புகிறது. விருப்பத்துக்குத் தடை நேர்கிறது. அந்நெருக்கடியில் அது தானே ஒரு முடிவு செய்கிறது. அம்முடிவே பாத்திரத்தின் உயிர் என்பது நமது கொள்கை. ஆயின், அவ்வுயிருக்குரிய வித்தை, வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து ஆசிரியன் எடுத்துக்கொள்வானாயின், அவருக்கு அவன் கடன்பட்டவனாகானோ? இதனைச் சிறிது ஆராய்வோம்.

நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்ஸன் இயற்றிய ‘பொம்மை வீடு’ 1879 டிசம்பரில் கோபன்ஹேகன் நகர அரச நாடக அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. நோயுற்ற கணவனை இத்தாலிக்கு அழைத்துச் சென்று காக்கும்பொருட்டு, நோரா என்பாள் அவனறியாமல் கடன் வாங்குகிறாள். பத்திரத்தில் தன் தந்தையின் கையொப்பத்தைத் தானே இடுகிறாள். உண்மை வெளிப்பட்டதும், கணவன் தன் மானத்தையே பெரிதாக எண்ணிச் சீறுகிறான். ஆபத்து நீங்கியதும் மன்னிக்க முன்வருகிறான். நோராவோ, தான் இதுகாறும் பொம்மையாகவே வாழ்ந்ததை உணர்ந்து, வீட்டைத் துறந்து வெளியேறுகிறாள்.

இக்கதைக்கு வித்தானவர் லோரா கீலர் என்னும் எழுத்தாளர். இப்ஸனுக்கு நன்கு அறிமுகமானவர். காசநோயுற்ற கணவருக்காக மறைவில் கடன்பட்டு, அவரை இத்தாலிக்கு அழைத்துச் சென்றவர் இவ்வம்மையார். 1878இல் செய்தி வெளிப்பட்டபோது கணவரால் விலக்கப்பட்டு, மனநோய் விடுதியிலும் சில காலம் அடைபட்டார். பின்னர்த் தம் குடும்பத்துக்கே திரும்பினார். நாடகம் புகழ் பெறவே, ‘நோரா இவர்தாம்’ என்று பலரும் சுட்டலாயினர். அதனால் அவர் பெரிதும் வருந்தினார்.

இருவரையும் ஒப்பிட்டு நோக்குக. லோராவைக் கணவர் விலக்கினார். நோரா தானே விலகினாள். இப்ஸனின் கைவன்மை முழுவதும் இவ்வொரு மாற்றத்திலேயே இருக்கிறது. நடந்ததை நடந்தவாறே எழுதியிருப்பாராயின், நமக்கு இரக்கம் பிறந்திருக்கும், நோரா பிறந்திருக்கமாட்டாள்.

‘எழுத்தாளன் தேனீயைப் போன்றவன்; எம்மலரிலும் தேனெடுப்பான்; அவனுக்கு ஏது கடன்?’ என்பர் சிலர். மலருக்கு மானமில்லை, மனிதருக்கு உண்டு. ‘அந்நாடகத்தால் பெண்ணுரிமை பற்றிய எண்ணம் உலகெங்கும் பரவிற்றே’ என்பர் வேறு சிலர். மெய்தான். ஆயினும், பலருக்கு விளைந்த நன்மை ஒருத்திக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிடுமா? பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் அவள் வாழ்வைப் பிறர் தீர்மானிப்பது தகாதென்று முழங்கும் நாடகமே, ஒரு பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் அவள் துயரத்தை அரங்கேற்றலாமா? சீர்திருத்தம் பேசுவோர் மற்றெவரையும்விட இவ்விடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

பிறிதொன்றும் கருதத்தக்கது. 1880இல் ஜெர்மானிய மேடைக்கென, நோரா குழந்தைகளின் முகம் நோக்கித் தங்கிவிடுவதாக முடிவை மாற்ற நேர்ந்தது. பிறர் சிதைப்பதினும் தாமே மாற்றுதல் மேலென்று எழுதிக் கொடுத்த இப்ஸன், அதனை நாடகத்துக்கு இழைத்த கொடுமை என்றே கண்டித்தார். கற்பனைப் பெண்ணின் முடிவைச் சிதைப்பது கொடுமையாயின், உயிருள்ள பெண்ணின் நற்பெயர் சிதைவது சிறிய காரியமாமோ?

ஆதலின், வாழ்விலிருந்து எடுப்பதைக் குற்றமென்று நாம் கூறோம்; எடுக்காமல் எவராலும் எழுதவியலாது. எடுப்பது உள்ளத்தின் போராட்டமாயிருக்கட்டும். ஊரார் அடையாளங்காணும் குறிகளாயிருத்தல் வேண்டா. கணவனின் நோயையும் இத்தாலிப் பயணத்தையும் மாற்றியிருப்பினும் நோரா குன்றியிராள். ஏனெனில் அவளுக்கு உயிர் அவள் செய்த முடிவே. குறிகளை விடுத்து முடிவைப் படைக்கும் உழைப்பு கடினமானதே. அவ்வுழைப்புக்குச் சோம்பி அயலார் துயரத்தை அப்படியே மேடையேற்றுவோன், கலையிலும் குறைபடுகிறான், கடனையும் தீர்த்தானல்லன்.