எள்ளும் எண்ணெயும் ஈயின் நரம்பும்

பெங்களூரில் கூடத்து மேஜைமேல் வைத்த ஏலக்கி வாழைப்பழம் சற்றே கனிந்துவிட்டால், எங்கிருந்து வந்தனவென்று தெரியாமல் எள்ளளவுப் பழ ஈக்கள் அதனைச் சுற்றத் தொடங்குகின்றன. கையால் விரட்டுவதோடு நமக்கும் அவற்றுக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்துபோகிறது. ஆனால் பல்லாரி சாலையிலுள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தை நிறுவிய ஒபைத் சித்திகியும், அவருடைய மாணவியாயிருந்து சகாவாக உயர்ந்த வெரோனிகா ராட்ரிக்ஸும், அந்த ஈ பழத்தை எவ்வாறு முகர்ந்தறிகிறது என்ற விசாரணைக்கே, மும்பையில் தொடங்கிப் பெங்களூர் வரை, தம் ஆயுளில் பல ஆண்டுகளை அர்ப்பணித்தார்கள்.

ஈயின் உணர்கொம்பினது மூன்றாம் கணுவில், மூவகை நுண்மயிர்களின் அடியில், ஏறத்தாழ 1,200 மோப்ப நரம்பணுக்கள் குடியிருக்கின்றன. மரபணுக்களைத் தொட்டு அவற்றை இயக்கவோ அடக்கவோ வல்ல புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்பர். அவற்றுள் 'லாசஞ்ச்' என்ற ஒன்று எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவைப் பொறுத்தே எவ்வகை மோப்ப உறுப்பு தோன்றும் என்பது நிர்ணயமாகிறதென்று, 1998-ல் ராட்ரிக்ஸும் அவருடன் உழைத்தோரும் காட்டினார்கள்.

இந்த நிர்ணயம் ஒரு பழைய தத்துவ வழக்கை நினைவூட்டுகிறது. இல்லது தோன்றாது, எள்ளிலே எண்ணெய் சூக்ஷ்மமாக இருப்பதனால்தான் அது செக்கிலே வெளிப்படுகிறது என்பது சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஒப்பிய சற்காரியவாதம். மண்ணில் இல்லாத குடம் புதிதாகவே உண்டாகிறது என்று நையாயிகர் மறுத்தனர். ஈயின் தோலணுவிலும் தசையணுவிலும் நரம்பணுவிலும் மரபணுக்கள் அநேகமாய் ஒன்றே என்று கண்ட பிறகு, சற்காரியவாதிக்கு வெற்றி என்றுதான் தோன்றும். ஆயினும் இம்மரபணுத் தொகுதி எண்ணெயோடு பாலும் தேனும் ஒருங்கே உறையும் விசித்திரமான எள் ஆகையால், எது வெளிப்படும் என்ற கேள்வி அப்படியே எஞ்சுகிறது.

மண்ணும் சக்கரமும் இருந்தாலும் குயவன் வேண்டும் என்று சித்தாந்தி நிமித்த காரணத்தைச் சுட்டுவான். படியெடுப்புக் காரணியே அக்குயவன் எனலாமோ எனில், அதுவும் ஒரு மரபணுவிலிருந்து பிறந்ததே. மண்ணிலிருந்து எழுந்த குயவன் அது. அதை எழுப்பியது எது என்று பின்னோக்கிச் சென்றால், 'பைகாய்ட்' என்னும் காரணிக்குரிய செய்தியைத் தாய் ஈ முட்டையின் முன்முனையில் வைத்துவிட்டிருப்பதைக் காண்கிறோம். அத்தாய்க்கு அவள் தாய் வைத்தாள். முதற் குயவனை விஞ்ஞானம் காட்டவுமில்லை, விரட்டவுமில்லை.

விஞ்ஞானம் தெளிவாய்க் காட்டுவது வேறொன்று. ஊழ் என்ற சொல்லுக்கு முறை என்றும் பொருளுண்டு. ஓர் அணு என்னவாகும் என்கிற அதன் ஊழும் அளவினாலும் முறையினாலும் அமைவதே. உள்ளதே தோன்றும் என்று ஒப்புவதனால், தோன்றியது மட்டுமே உள்ளே இருந்தது என்று நாம் ஒப்பியவர்கள் ஆகமாட்டோம்.