இளம் பிராயத்தாரும் சிறைவாசமும்

சிறுவன் ஒருவன் குற்றஞ் செய்து பிடிபட்டால், "செய்த கருமத்தை அனுபவிக்கட்டும்" என்று நம்மவரிலும் சிலர் சொல்லிவிடுகின்றனர். பௌத்தர் வாயில் இச்சொல் வரலாமா?

பகவான் புத்தர் சேதனையையே, அதாவது மனத்தின் எண்ணத்தையே, கருமம் என்றார். எண்ணம் மாறக்கூடியது, ஆகவே கருமம் தலைவிதியன்று. பலரைக் கொன்ற அங்குலிமாலனையும் பகவான் சங்கத்திற் சேர்த்துக்கொண்டார். அவனைப் பிடிக்கப் படையுடன் புறப்பட்ட கோசல மன்னன் பசேநதி, அவன் பிக்குவாய் அமர்ந்திருக்கக் கண்டு, தண்டியாது திரும்பினான். முதிர்ந்த கொலைஞனுக்கே திறந்திருந்த வழியை, எண்ணம் பழுக்காத பாலகனுக்கு அடைக்க நாம் யார்?

தம் புதல்வன் இராகுலனுக்குப் பொய்யின் தீமையை உணர்த்தப் பகவான் கோலெடுத்தாரில்லை. பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டினார். ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் ஆராயக் கற்பித்தார். பழந்திருடரோடு அடைபட்ட சிறுவனுக்கு இவ்வாராய்ச்சியைக் கற்பிப்பவர் யார்? அவன் கற்பது அவர்கள் தொழிலையே.

பாதிக்கப்பட்டோர் கண்ணீருக்கு என்ன விடை எனலாம். நியாயமான கேள்வியே. தீங்கு செய்தவனைத் தடுத்து வைத்தல் வேண்டும். அவன் பொறுப்பேற்கவும் வேண்டும். ஆனால் அவனை முன்னிலும் கெட்டவனாக்கி வெளியே விடும் தண்டனை, நாளை வேறொருவர் கண்ணீருக்கே வித்திடும்.

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைப் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கலாகாது என்கிறது. கொடுங்குற்றஞ் செய்ததாகச் சொல்லப்படும் 16 வயது கடந்தவரைப் பெரியவராக விசாரிக்க இடமுண்டெனினும், 21 வயது வரை அவரைத் தனிக் காப்பிடத்திலேயே வைத்தல் வேண்டும்.

ஆயினும் வயதுக்குச் சான்று வேண்டுமே! முதலிற் பள்ளிச் சான்றிதழ். அஃதின்றேல் நகராட்சி அல்லது பஞ்சாயத்தின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையேல் எலும்புப் பரிசோதனை. அப்பரிசோதனையோ ஓரிரு வருடம் முன்பின்னாகவே வயதைச் சொல்லும். பள்ளி காணாத, பிறப்புப் பதியப்படாத ஏழைச் சிறுவன் 17இல் 19 எனக் கணிக்கப்பட்டால், அவனுக்குச் சிறையே கதி. இங்கு அவனைச் சிறைக்கனுப்புவது அவன் குற்றம் மட்டுமன்று; ஒரு காகிதம் இல்லாமையும் ஆகும். அதையும் அவன் கருமம் என்போமா?

1956இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அருளிய உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டிக் காப்பதும் ஒன்று. சகோதரர்களே, அக்கருணை செயலாகட்டும். குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதியச் செய்வோம். நம் தெருப் பிள்ளை பிடிபட்டால், அவன் தாயோடு இளைஞர் நீதிக் குழுமத்திற்குத் துணை செல்வோம். வயது பற்றிய முறையீட்டை வழக்கு முடிந்த பின்னரும் எழுப்பலாம் என்பதை அவளுக்கு எடுத்துரைப்போம். கருமம் பேசுவதற்கன்று, நாம் செய்வதற்கே.