அடியார் கையில் ஆயுதம்

சைவ சமயம் கொல்லாமையைத் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றுகின்றது. திருவள்ளுவர் கொல்லாமைக்குத் தனியதிகாரம் வகுத்து, தன்னுயிரைக் காத்துக்கொள்வதற்காகக்கூடப் பிறிதோர் உயிரைப் பறித்தல் ஆகாது என்னும் எல்லை வரை செல்கின்றார். அவரே செங்கோன்மை அதிகாரத்தில், கொடியோரை ஒறுத்தலைப் பயிர் காக்கும் உழவன் களை பறித்தலுக்கு ஒப்பிடுகின்றார். ஆயின் அஃது அரசனுக்குரிய கடமை. அரசும் காவலும் எட்டாத வேளையில், கண்ணெதிரே ஒருவர் கொல்லப்படவோ கவர்ந்து செல்லப்படவோ நேரின், ஆயுதம் வைத்திருக்கும் குடிமகன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு இதிகாச புராணங்களில் வரும் மூவரின் வரலாறுகள் விடை தருகின்றன.

முதலாமவர் சடாயு. இராவணன் சீதாபிராட்டியைக் கவர்ந்து சென்றபோது அபயக்குரல் கேட்டு வந்த அம்முதியவர், எடுத்த எடுப்பில் தாக்கவில்லை. முதலில் அறம் உரைத்தார். பிராட்டியை விட்டுச் செல்லும்படி எச்சரித்தார். சொல் பயனற்றுப்போன பின்னரே அலகையும் நகத்தையும் ஆயுதமாக்கிப் போரிட்டு, தம் உயிரையும் ஈந்தார். இராமபிரான் தந்தைக்குச் செய்வதுபோல் அவருக்கு ஈமக்கடன் ஆற்றினார்.

இரண்டாமவர் தத்தன். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிய அடியார் வேடத்தில் வந்து, புத்தகக் கட்டில் மறைத்த படையால் அவரைக் குத்தினான். வாயிற்காவலனாகிய தத்தன் பாய்ந்து வாளை ஓங்கினான். வீழ்கின்ற நாயனார் கையால் தடுத்து, சிவவேடம் தாங்கியவனுக்கு இடையூறு நேராமல் ஊரெல்லை கடத்தி விடும்படி பணித்தார். செய்தி அறிந்து கொதித்தெழுந்த மக்கள் முத்தநாதனைக் கொல்லச் சூழ்ந்தனர். தத்தனோ அரசன் ஆணையைக் கூறி அவர்களை விலக்கினான். தலைவனைக் குத்தியவனை வெட்ட ஓங்கிய அதே வாள், சற்று நேரத்தில் அவனுக்கே காவலாயிற்று. தீங்கு நடந்து முடிந்த பின் ஓங்கும் வாள் காவலன்று, பழிவாங்கலே என்பதை உணர்த்த இதனினும் சிறந்த வரலாறு வேண்டுமோ!

மூன்றாமவர் எறிபத்த நாயனார். கருவூரில் அடியார்க்கு இடர் செய்வோரை எறிய மழு ஏந்தியவர் இவர். சிவகாமியாண்டாரின் பூக்கூடையைப் பறித்துச் சிதறிய பட்டத்து யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தினார். பூக்கூடைக்காக உயிர்களைப் போக்கலாமா என்று கேட்கத் தோன்றும். சேக்கிழார் சுவாமிகள் வரலாற்றை அவ்விடத்தில் முடிக்கவில்லை. விரைந்து வந்த புகழ்ச்சோழர், குற்றத்தில் தமக்கும் பங்குண்டு எனத் தம் வாளை நீட்டித் தம்மையும் கொல்லுமாறு வேண்டினார். எறிபத்தரோ உள்ளம் நடுங்கி, அவ்வாளைத் தம் கழுத்திலேயே வைத்தார். ஆயுதம் எடுத்தவர் அதற்குப் பொறுப்பும் ஏற்க முன்வந்த காட்சி இது. அப்போது திருவருளால் யானையும் பாகரும் உயிர்பெற்று எழுந்தனர். வீழ்த்திய உயிரை மீள எழுப்ப இறைவனால் முடியும், மனிதரால் முடியாது. ஆதலால் நாயனாரின் அன்பைப் பின்பற்றலாம். மழுவைப் பின்பற்றுதல் எவர்க்கும் எளிதன்று.

1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும் இந்நெறிக்கு அணுக்கமாகவே நிற்கின்றது. தன்னுடலை மாத்திரமன்றிப் பிறர் உடலையும் காக்கும் உரிமையை அது ஒவ்வொருவர்க்கும் அளிக்கின்றது. உயிருக்கோ பெருங்காயத்துக்கோ அச்சம் விளைக்கும் தாக்குதல் போன்ற கொடிய வேளைகளில் அவ்வுரிமை கொல்லும் அளவுக்கும் நீளும். ஆயினும் காப்பதற்கு வேண்டியதினும் மிகுதியாகத் தீங்கு செய்தல் ஆகாது. அதிகாரிகளின் துணையை நாட அவகாசமிருப்பின் அவ்வுரிமை இல்லை. ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கும்.

எனவே சொல்லால் தடுக்க இயலுமாயின் சொல்லே படை. இயலாதபோது எடுக்கும் ஆயுதம் பிறரைக் காக்கும் பொருட்டே அமைதல் வேண்டும். ஆபத்து நீங்கிய கணமே தாழ்தல் வேண்டும். எடுத்தவர் நீதியின் முன் தலைவணங்கல் வேண்டும். கோபத்தோடு எடுத்த வாள் எங்கே நிற்பதென்று அறியாது. கருணையோடு எடுத்த வாளே தத்தனின் வாள்போலத் திரும்ப அறியும். அக்கருணையை எல்லா உள்ளங்களிலும் நிலைபெறச் செய்ய எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் பாலிப்பாராக.

திருச்சிற்றம்பலம்.