ஆட்டமும் மண்ணும்

ஒகேனக்கல்லில் காவிரியின் அக்கரை கர்நாடகம். அங்கே மாதேசுவரன் மலையிலும், அதற்கு மேற்கே பிலிகிரிரங்கன் மலையிலும் சோளகர் எனும் பழங்குடியினர் வாழ்கின்றனர். கேழ்வரகு ரொட்டித் திருவிழாவில் ஆணும் பெண்ணுமாய்ப் பாடி ஆடுவது பிலிகிரிரங்கன் மலைச் சோளகரின் வழக்கம். உழைத்த உடல், விளைந்த மண்ணுக்குச் செலுத்தும் நன்றி அது.

1974-இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாயிற்று. காடெரித்துப் பயிரிடுதல் தடுக்கப்பட்டது. குடும்பங்கள் பல இடம்பெயர்க்கப்பட்டன. காடும் விலங்கும் காக்கப்பட வேண்டியவையே, ஐயமில்லை. ஆயினும் மண்ணினின்று மக்களை விலக்கிவிட்டு, அவர்தம் ஆட்டத்தை மட்டும் மேடையேற்றிப் போற்றுவது அறமாகுமா?

எபிரேய மொழியில் மனிதன் 'ஆதாம்', மண் 'அதாமா'. மண்ணால் உருவான உடலை மண்ணின்றி மதிப்பது எங்ஙனம்? வேரறுத்த செடியின் பூவை வியப்பதன்றோ அது!

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2011-இல் அம்மலையின் 25 ஊர்களுக்குச் சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்டன. அம்மலை புலிகள் காப்பகமானதும் அதே ஆண்டில்தான். காட்டைக் காப்பதும் மக்களின் உரிமையை ஏற்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இது சான்று.

நம் பங்குத் திருவிழா மேடைக்குப் பழங்குடியினரை ஆட அழைக்கும்போது, அவர்தம் நிலவுரிமை என்னவாயிற்று என்றும் கேட்போமாக. கேட்காத கைதட்டல் மரியாதையாகாது.