பானைச் சோறும் கடுகும்



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் இல்லங்களில் வழங்கும் மொழி. 7-ஆம் நூற்றாண்டுப் பௌத்த அளவைநூற் பேராசிரியர் தருமகீர்த்தி, தம் பிரமாண வார்த்திகத்தில் இதே பானையை எடுத்துக்கொண்டார். ஆனால், பிழைபடக்கூடிய அனுமானத்திற்கு உதாரணமாக! சில பருக்கைகள் வெந்தமை கண்டு யாவும் வெந்தன என்பது பெரும்பாலும் பலிக்கும்; பலித்தே தீரும் என்பதில்லை. ஈரவிறகில் சோறாக்கிய தாய்மார் இதனை மறுக்கமாட்டார்கள்.

இவ்வாறு கண்ட சிலவற்றால் காணாதவற்றைத் துணிவது தொகுத்தறிதல். உய்த்தறிதல் வேறு: தோன்றியன யாவும் அழியும், இவ்வுடல் தோன்றியது, ஆதலால் இவ்வுடல் அழியும். முன்னிரண்டும் மெய்யாயின் முடிவு பொய்க்க இடமில்லை. பொதுவினின்று சிறப்புக்கு வருவது ஒன்று, சிறப்பினின்று பொதுவுக்குச் செல்வது மற்றொன்று எனப் பலர் பிரிப்பர்; அது போதாது. முடிவு தப்பாது தொடர்கிறதா, நிகழக்கூடியதாக மட்டும் நிற்கிறதா என்றே நாம் வினவுதல் வேண்டும்.

நம்மவர் ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டுச் சென்றார். அவர் தெருவினர் ஒருவர் முன்பு வாடகை தராது போனாராம். “உங்கள் தெருவார் எல்லாரும் ஏமாற்றுவோர், நீரும் அத்தெருவார்தாமே” என்று வீட்டுக்காரர் கதவடைத்தார். வாதத்தின் வடிவில் குற்றமில்லை! ‘எல்லாரும்’ என்பது எங்கிருந்து வந்தது? ஒரே பருக்கையிலிருந்து. உய்த்தறிதலின் ஆடையைப் போர்த்து வந்த தொகுத்தறிதல் அது.

அவ்வினாவை ‘தோன்றியன யாவும் அழியும்’ என்னும் நம் கூற்றின்மேலும் எழுப்புவதே நேர்மை. சாவத்தி நகரில் இறந்த மகவை ஏந்தி, சாவறியா வீட்டுக் கடுகு தேடிச் சென்றாள் கிசாகோதமி. தேரிகாதையின் உரை கூறும் வரலாற்றில் அவள் ஊர் முழுவதும் அலையவில்லை. சில வீடுகளோடு நின்றாள். அடுத்த வீடு சாவறியாததாக இருந்திருக்கலாகாதா? எண்ணிக்கை ஒன்றே சான்றாயின், இருந்திருக்கலாம். தருமகீர்த்தி வேண்டுவது எண்ணிக்கையன்று; ஏதுவுக்கும் முடிவுக்கும் இடையேயுள்ள இயற்கைப் பிணைப்பு. காரணத்தால் ஆக்கப்பட்ட பொருளுக்கு அழிவு புறத்திலிருந்து வருவதன்று, அதன் இயல்பிலேயே உள்ளது என்பது அவர் வாதம். தெருவுக்கும் ஏமாற்றுக்கும் அத்தகைய பிணைப்பு யாது?

கோதமி மகவைச் சுடுகாட்டில் கிடத்தி, வெறுங்கையோடு மீண்டாள். கடுகு கிடைத்ததா எனப் பகவன் வினவ, கடுகின் வேலை முடிந்தது என்றாள்.