நிலையாமையும் நகல்களும்

எல்லாம் நிலையற்றவை என்பது பௌத்தத்தின் அடிப்படைப் போதனை. அப்படியானால் எதையும் ஏன் காக்க வேண்டும்?

கொரியாவில் பௌத்த மறைநூல் தொகுப்பான திரிபிடகத்தைச் செதுக்கிவைத்த மரப்பலகைகள் 1232-இல் மங்கோலியப் படையெடுப்பில் எரிந்தன. மக்கள் சோர்ந்துவிடாமல் மறுபடியும் செதுக்கினார்கள். 80,000-க்கும் மேற்பட்ட அந்தப் பலகைகள் ஹேயின்சா மடாலயத்தில், காற்றோட்டத்தைக் கணித்துக் கட்டப்பட்ட 15-ஆம் நூற்றாண்டுக் கூடங்களில், இன்றும் இருக்கின்றன. நிலையாமையை உணர்வது கைவிடுவதற்கான சாக்கு அல்ல, பொறுப்பின் தொடக்கம்.

உழைப்பைச் சேமிக்க ஹார்டு டிஸ்க் தேடுபவருக்கும் இதுவே பாடம். ‘எது பழுதாகாது?’ என்று கேட்டால் விடை கிடைக்காது. சுழலும் தட்டுகள் கொண்ட டிஸ்க் கீழே விழுந்தால் கெடலாம். அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியும் மின்சாரம் காணாமல் நெடுங்காலம் கிடந்தால் தரவை இழக்கக்கூடும். வாரண்டி பழுதான கருவிக்கு மாற்றுக் கருவி தரும். தொலைந்த ஆய்வேட்டைத் தராது.

‘எது பழுதானால் எது மிஞ்சும்?’ என்பதே சரியான கேள்வி. கணினித் துறையின் 3-2-1 விதி அதற்கு வழி சொல்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். கூடவே, சேமித்த கோப்புகள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும்.