கேட்டுத் தருவது

நூலகக் கவுன்ட்டரின் முன்னால் ஒருவர் வந்து நின்று, படிக்க நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்கிறார். கேள்வி சின்னது. அதைக் கேட்பதற்கு முன் அவர் அலமாரிகளுக்கு நடுவே இரண்டு முறை நடந்திருப்பார். ஒரு புத்தகத்தை உருவி எடுத்து, பின்னட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகியிருப்பார். வேண்டியது துப்பறியும் கதையா வரலாறா என்பது அவருக்கே தெளிவில்லை. அண்மையில் யாரையாவது இழந்திருக்கலாம். மனத்துக்கு நெருக்கமான ஒரு நாவல் முடிந்துபோன ஏக்கத்தில், அதுபோல இன்னொன்று கிடைக்காதா என்று வந்திருக்கலாம். நாம் எல்லோருமே ஏதோ ஒரு நாள் அந்த இடத்தில் நின்றவர்கள்தாம்.

எதிரே இருக்கும் நூலகருக்கு அந்த நேரத்தில் துணை நிற்பது எது? எவ்வளவு படித்தவராக இருந்தாலும் ஓர் ஆயுளில் படித்து முடிக்கக்கூடியது கையளவுதான். நூற்பட்டியல் தலைப்பைச் சொல்லும், பொருளைச் சொல்லும். நிற்பவரின் மனத்தைச் சொல்லாது. அமெரிக்கப் பொது நூலகங்களில் புத்தகம் பரிந்துரைப்பதை ஒரு முறையான பணியாக வளர்த்தெடுத்தவர்களில் ஜாய்ஸ் சாரிக்ஸ் முக்கியமானவர். இல்லினாய் மாநிலத்தின் டவுனர்ஸ் குரோவ் பொது நூலகத்தில் பணியாற்றியவர். நான்சி பிரவுனுடன் சேர்ந்து 1989-ல் அவர் எழுதிய நூல், எளிதாகத் தோன்றும் ஓர் உண்மையை மையத்தில் வைத்தது. ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்பதைவிட, அது எப்படி நடக்கிறது என்பதே பல நேரம் வாசகரைப் பிடித்து நிறுத்துகிறது. கதை ஓடுகிறதா உலவுகிறதா, மாந்தர் நெஞ்சருகே வருகிறார்களா, சூழல் நம்மைச் சூழ்கிறதா என்பவற்றை அவர் ஈர்ப்பு என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தார். சியாட்டில் நூலகரான நான்சி பேர்ல் இதையே நான்கு வாசல்களாகச் சொன்னார்: கதை, மாந்தர், இடம், மொழி.

இவற்றைப் படித்து மனத்தில் வைத்துக்கொண்டால் போதாதா என்றால், போதாது. வாசகர் எவரும் கவுன்ட்டரில் வந்து மாந்தர் என்று சொல்வதில்லை. அந்தக் கிழவியை விட்டுப் பிரியவே மனம் வரவில்லை என்கிறார். மொழி என்று சொல்வதில்லை; தீர்ந்துவிடுமோ என்று நாளுக்கு நான்கு பக்கமாகப் படித்தேன் என்கிறார். அந்தப் பேச்சுக்குள் எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை உணரும் திறன், பேச்சைக் கேட்டுக் கேட்டே ஊறுவது. புத்தகங்களைப் பற்றிப் பேசும் பாட்காஸ்ட் நூலகருக்குப் பயிற்சிக் கருவியாவது இந்த இடத்தில்தான். புதிய புத்தகங்களின் பெயர்களை அறிய வேறு வழிகள் நிறைய உண்டு. ஒரு மனிதர் தாம் படித்ததைப் பற்றி வாய்விட்டுப் பேசும்போது குரல் எங்கே உயர்கிறது, எங்கே தயங்குகிறது என்பதை அச்சில் பார்க்க முடியாது.

ஆன் போகல் 2016-ல் தொடங்கிய ‘வாட் ஷுட் ஐ ரீட் நெக்ஸ்ட்’ நிகழ்ச்சியை இதற்கு நல்ல பாடமாகக் கருதுகிறேன். வரும் விருந்தினர் தமக்குப் பிடித்த மூன்று புத்தகங்களையும் பிடிக்காத ஒன்றையும், இப்போது படித்துக்கொண்டிருப்பதையும் சொல்கிறார். கேட்டு முடித்தபின் அவருக்கு மூன்று புத்தகங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. பயிற்சியாகக் கேட்கும் நூலகர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பரிந்துரை வருவதற்குச் சற்று முன்னால் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, தாம் தருவதாக இருந்தால் எந்த மூன்றைத் தருவோம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு மேலே கேட்கலாம். இரண்டு பட்டியல்களும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. அது குறையும் அல்ல. நாம் எழுதியதைத் திரும்பப் பார்த்து, இந்த மூன்றில் எது அந்த விருந்தினரின் குரலிலிருந்து வந்தது, எது நம் சொந்த மோகத்திலிருந்து வந்தது என்று நேர்மையாகப் பிரித்தறியும் அந்த நிமிடத்தில்தான் கல்வி நடக்கிறது. பெரும்பாலும் ஒன்றாவது நமக்காகவே நாம் தேர்ந்ததாக இருக்கும்.

மூன்று விருப்பங்களைக் காட்டிலும் அந்த ஒரு வெறுப்பு எனக்கு ஆழமானதாகத் தோன்றுகிறது. விருப்பத்தைச் சொல்லும்போது நாம் கொஞ்சம் அலங்கரித்துக்கொள்கிறோம்; மதிப்பான பெயர்களை முன்னால் நிறுத்துகிறோம். வெறுப்பைச் சொல்லும்போது அந்தக் காப்பு நழுவிவிடுகிறது. எல்லோரும் கொண்டாடும் ஒரு நாவலை, அதில் ஒரு குழந்தை துன்புறுவதால் தொடர முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், ஒரு புத்தகத்தைப் பற்றிய கருத்தோடு அவர் தம் வாழ்வின் எல்லைக்கோடு ஒன்றையும் நமக்குக் காட்டிவிடுகிறார். அதைக் கேட்டும் கேளாததுபோல அதே துயரத்தை வேறு அட்டையில் எடுத்து நீட்டுபவர் எவ்வளவு படித்திருந்தும் என்ன பயன்? ஒருவர் தம் வாசிப்புச் சுவைக்காக யாரிடமும் மன்னிப்புக் கோர வேண்டியதில்லை என்பதை பெட்டி ரோசன்பர்க் ஒரு விதியாகவே வகுத்தார். வகைமை நாவல்களுக்கு அவர் உருவாக்கிய வழிகாட்டி 1982-ல் வெளிவந்தது. அந்த விதி வாசகருக்குத் தைரியம் தருகிறது. நூலகரிடம் அது அதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்கிறது: முகத்தில்கூடத் தீர்ப்பு தெரியக் கூடாது.

ஒலிப்பதிவு தராத ஒன்றும் உண்டு. வெளியாகும் எபிசோடில் தயக்கங்கள் பல வெட்டப்பட்டிருக்கும். பேச வந்தவரும் தம் வாசிப்பைப் பற்றி முன்கூட்டியே யோசித்து வந்தவர். கவுன்ட்டரில் நிற்பவர் அப்படியல்லர். பிடித்த புத்தகத்தின் பெயர் மறந்துபோயிருக்கும். நீல அட்டை, கடலோர வீடு என்பதுதான் மிஞ்சியிருக்கும். பேச்சுக்கு நடுவே விழும் அந்த மௌனத்தில்தான் அவருக்கு வேண்டியது மெல்ல உருப்பெறுகிறது. ஆகவே பாட்காஸ்டில் பழகிய காது, வெட்டப்படாத மௌனத்தின் முன் பொறுமையாக இருக்கவும் தனியே பழக வேண்டும். அதோடு, சமைக்கும்போதும் ரயிலிலும் சொந்த நேரத்திலேயே இதையெல்லாம் கேட்டுத் தீர்க்கும் நூலகர்களை நினைக்கிறேன். கேட்பதும் பணிதான்; அதைப் பணிநேரத்தில் சேர்க்காத நிர்வாகம், தன் பணியாளர்களின் காதுகளுக்கு மதிப்பில்லை என்று சொல்வதாகவே ஆகும்.

தமிழில் கேள் என்ற வினை செவி கொடுப்பதையும் குறிக்கிறது, வினவுவதையும் குறிக்கிறது. நாம் அன்றாடம் புழங்கும் சொல் என்பதால் அதன் ஆழம் கண்ணில் படுவதில்லை. வள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் பேசி முடித்த கையோடு, 42-ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயரிட்டார். அங்கே அது செவிவழி வரும் அறிவு. செவி கொடுப்பவருக்கே சரியாக வினவ வரும், சரியாக வினவியவருக்கே மறுமொழி முழுமையாகக் காதில் விழும் என்பதால், இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த மொழி ஒரு தத்துவத்தையே நம் நாவில் வைத்திருக்கிறது. கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், வாசகர் எவருக்கும் அவருக்கென ஒரு புத்தகம் உண்டென்றும், புத்தகம் எதற்கும் அதற்கென ஒரு வாசகர் உண்டென்றும் இரு பக்கத்திலிருந்தும் கூறினார். மறக்கப்பட்ட நூல்களை எடுத்துப் பேசும் ‘பேக்லிஸ்டட்’ என்ற பிரிட்டிஷ் பாட்காஸ்ட் 2015-லிருந்து அந்த இரண்டாவது பக்கத்துக்கே உழைத்துவருகிறது. இந்த இரு பக்கங்களுக்கும் இடையே நிற்கும் நூலகர், தாம் படித்ததையெல்லாம் தமக்குள் நிறைத்து வைத்திருந்தும், எதிரே நிற்பவர் பேசும் அந்தச் சில நிமிடங்களுக்கு அத்தனையையும் ஓரமாக நகர்த்தி, தம் சுவையையும் பெருமிதத்தையும் அடக்கி, இன்னொருவரின் சொல் வந்து தங்குவதற்குத் தமக்குள் ஓர் இடத்தைக் காலியாக்கித் தரும்போது, அறிவு என்பது சேர்ப்பதால் மட்டுமல்ல, பிறருக்காக ஒதுங்கி நிற்பதாலும் முதிர்கிறது என்பதை அந்தச் சின்ன மேசையின் முன் நாம் காண்கிறோம்.

அப்படிக் கேட்டுத் தந்த புத்தகமும் சில நேரம் பொருந்தாமல் போகும். இரண்டு வாரம் கழித்து அவர் வருகிறார். மனம் ஒட்டவில்லை என்று, ஏதோ தாமே தவறு செய்துவிட்டதுபோலத் தணிந்த குரலில் சொல்லி மேசைமேல் வைக்கிறார். நூலகர் அதை ஓரமாகத் தள்ளவில்லை. புத்தகத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்கிறார். வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.